தனித்தனி டிக்கெட், மூன்று பெட்டி, மும்பை மழை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை செம்பூரில் பல வருடங்களாகக் குடியிருக்கும் ஒரு கோவைக்காரர், அவருடைய பெற்றோர், மான்செஸ்டரில் இருக்கும் தங்கை, இவர்கள்தான் இதில் வருபவர்கள். தங்கைக்குத் தலைப்பிரசவம். அப்பாவும் அம்மாவும் ஜூலையில் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67, இருவருக்கும் முழங்கால் பிரச்சினை, சக்கர நாற்காலி வேண்டும். எங்கள் வட்டாரத்தில் டிக்கெட், விசா விஷயம் என்றால் பலர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். இந்தப் பயணத்தில் புறப்படும் நாள் முழுக்க மகனோடு நானும் இருந்தேன். பெயர்களையும் விமான நிறுவனங்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அவை இல்லாமலே நடந்தது புரியும்.

டிக்கெட் எடுத்த விதம்

கோவையிலிருந்து மும்பைக்கு ஒரு உள்நாட்டு நிறுவனத்தில் ஒரு டிக்கெட். மும்பையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக மான்செஸ்டருக்கு, போகவர, வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். கோவையிலிருந்தே முழுவதையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டியது, அதனால் மகன் பிரித்து எடுத்தார். நடுவில் மும்பையில் தான் இருக்கிறோமே என்ற தைரியமும் ஒரு காரணம்.

வளைகுடா வழிப் பயணத்தை மட்டும் பிரிக்கவில்லை, அது நல்ல முடிவு. அதையும் இரண்டு நிறுவனத்தில் இரண்டு டிக்கெட்டாக எடுத்திருந்தால், நடுவில் இருக்கும் நாட்டில் குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, பெட்டி எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும் என்றால் அதுவும் கையில் இருக்க வேண்டும். அது இல்லை என்பது மும்பை கவுன்ட்டரிலேயே தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

முதலில் போட்ட திட்டப்படி பெற்றோர் ஒரு நாள் முன்னதாகவே செம்பூர் வந்து தங்கியிருக்க வேண்டும். அந்த முந்தைய நாள் அஷ்டமி. அஷ்டமியில் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார், அதனால் உள்நாட்டு டிக்கெட்டை மறுநாள் மாலைக்கு மாற்றினார்கள். (சர்வதேச விமானம் விடியற்காலை 4.10-க்கு, அது எந்தத் திதியில் வருகிறது என்று யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை!) புதிய கணக்குப்படி இரவு 9.50-க்கு மும்பையின் முதல் டெர்மினலான டி1-ல் இறங்குவார்கள், 4.10-க்கு இரண்டாவது டெர்மினலான டி2-விலிருந்து புறப்படுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருப்பதால் எல்லோருக்கும் நிம்மதி.

பழைய செம்பூர்க்காரர்கள் டி1-ஐ இன்னும் சாந்தாக்ரூஸ் என்பார்கள், டி2-ஐ சகார் என்பார்கள். ஓடுபாதைகள் பொதுதான், ஆனால் பயணிக்கு இவை இரண்டும் வேறு வேறு விமான நிலையம் போலத்தான், நடுவே நாலைந்து கிலோமீட்டர் சாலை. டி1-ல் உள்நாட்டு விமானங்கள் மட்டும். 2014-ல் திறந்த டி2-வில் சர்வதேச விமானங்களும், உள்நாட்டில் ஒரு பகுதியும். ஒரே நிறுவனத்தின் சில விமானங்கள் டி1-லும் சில டி2-விலும் இறங்குவதுண்டு, டிக்கெட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அன்று கோவையிலிருந்து டி2-வுக்கு வரும் விமானம் ஒன்று பகலில் இருந்தது, அம்மா மதிய வெயிலில் கிளம்ப வேண்டாம் என்று மாலை விமானத்தைத் தேர்ந்தார்கள்.

கோவை கவுன்ட்டரில்

பெட்டி மூன்று, மொத்தம் 58 கிலோ. சர்வதேச டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ இலவசம். உள்நாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 15. கூடுதல் எடைக்கு மகன் முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிட்டார், கவுன்ட்டரில் கட்டுவதைவிட அது குறைவு. சர்வதேசப் பயணத்துக்காக வருகிறோம் என்று அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் எடையில் சலுகை தரும் உள்நாட்டு நிறுவனங்களும் உண்டு, ஆனால் அதைப் பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், கவுன்ட்டரில் போய் நின்று பேசிப் பெற முடியாது.

அப்பா கவுன்ட்டரில் மான்செஸ்டர் டிக்கெட்டை நீட்டி, "ஏனுங்க, பெட்டிய நேரா லண்டன் பக்கம் போட்டுருங்க, போன தடவை அப்படித்தானுங்க போச்சு" என்றிருக்கிறார். போன தடவை போனது ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் முடியாது என்றார், அது சரியான பதில்.

பலர் இதைக் கவுன்ட்டர் ஆளின் மனது சம்பந்தப்பட்ட விஷயமாக நினைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்ட பெட்டியை இன்னொரு நிறுவனம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே இன்டர்லைன் ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும், டிக்கெட் இரண்டாக இருந்தால் பெட்டியைக் கடைசி ஊர் வரை போட மாட்டோம் என்று கொள்கை வைத்திருக்கும் நிறுவனங்கள் நிறைய. குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றுக்கு ஒப்பந்தமே கிடையாது. பெட்டியில் ஒட்டும் டேக்கில் பத்து இலக்க எண் இருக்கும், அதில் முதல் இலக்கத்துக்குப் பிறகு வரும் மூன்றும் டேக் கொடுத்த நிறுவனத்தின் குறியீடு. பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து, பெட்டி போய்ச்சேரும் விமான நிலையம். அன்று மூன்று டேக்கிலும் பிஓஎம் என்று இருந்தது. அதாவது மும்பை. கோவையில் பெட்டியை வாங்கிய நிறுவனத்தின் பொறுப்பு மும்பை பெல்ட்டோடு முடிகிறது, அந்தக் குடும்பம் 4.10-க்கு வேறு எங்கோ போகிறது என்பது அதன் கணினியில் எங்கேயும் இல்லை.

சக்கர நாற்காலியும் அப்படியே. ஒரு டிக்கெட்டில் கேட்டது இன்னொன்றில் தானாக வராது. இதை முன்பே கவனித்து இரண்டிலும் தனித்தனியாகப் பதிந்திருந்தோம்.

தாமதம், தொலைபேசி, ஒரு கெடு

மும்பையில் மாலையிலிருந்தே மழை கொட்டியது. இங்கே இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன, அதனால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். நல்ல நாளிலேயே நெரிசல். மழையில் இரண்டு விமானம் இறங்காமல் மேலே கிளம்பிவிட்டால் பின்னால் வருவது எல்லாம் வரிசையில் காத்திருக்கும், அதன் விளைவு கோவையில் ஓடுபாதை ஓரம் நிற்கும் விமானம் வரை போகும். கோவை விமானம் முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள், பிறகு இரண்டு, கடைசியில் கிளம்பியபோது 11 மணி தாண்டிவிட்டது.

10 மணிக்கு மகன் சர்வதேச நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்தார். பதில் மரியாதையாக, தெளிவாக இருந்தது. டிக்கெட் தனி என்பதால் விமானம் காத்திருக்காது, இன்னொரு விமானத்தில் இலவசமாக மாற்றித் தரவும் மாட்டார்கள். புறப்படும் முன் தேதியை மாற்றினால் மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் மட்டும். மாற்றாமலும் ஏறாமலும் விட்டால் வராத பயணி என்று பதிவாகி, அபராதம் கூடும், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகும்.

இந்தக் கடைசி விஷயம்தான் அன்றைய முக்கிய முடிவுக்குக் காரணம். காத்திருந்து பார்த்து, தவறினால் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது மகனின் முதல் எண்ணம். தவறிய பிறகு பேசினால் இழப்பது இரண்டு பேருக்கும் போகவர சர்வதேச டிக்கெட் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆகவே பின்னாலிருந்து நேரத்தை எண்ணினோம். பெட்டி வாங்கும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு, 3.10-க்கு மூடும். டி2 வாசலில் காவல் சோதனைக்கும் கவுன்ட்டர் வரிசைக்கும் அரை மணி. சாலைக்கு மழையில் அரை மணி, அதுவும் நல்லபடியாக இருந்தால். பெல்ட்டில் பெட்டி வர முக்கால் மணி. அப்படியானால் 1.25-க்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அந்த நிமிடமே தேதியை மறுநாள் இரவுக்கு மாற்றிவிடுவது என்று கெடு வைத்தோம். மறுநாள் விமானத்தில் இடம் இருப்பதைப் பார்த்து, மாற்றும் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு, டி1 வருகை வாசலில் நின்றோம். போர்டிங் பாஸ் முந்தின நாளே இணையத்தில் எடுத்தாயிற்று, ஆனால் பெட்டி இருக்கிறவருக்கு அது பாதி உதவிதான், பெட்டி வாங்கும் நேரக் கெடு மாறாது.

1.05-க்கு விமானம் இறங்கியது.

டி1-லிருந்து டி2-வுக்கு

அம்மா போனில் முதலில் சொன்னது, "கண்ணு, வயித்துல ஒண்ணுமில்ல, எதாச்சும் வாங்கி வை" என்பது. அப்பா பேசவில்லை. பெட்டி வரத் தாமதம், மின்னல் அடிக்கும்போது விமானத்தின் அடியில் வேலை செய்பவர்களை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள், அது பாதுகாப்பு விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பெட்டி கைக்கு வந்தபோது 1.55.

இரண்டு டெர்மினலுக்கும் நடுவே பேருந்து உண்டு, அது வரும் வரை நிற்க நேரமில்லை. மெட்ரோ மூன்றாம் தடத்தில் டி1-க்கும் டி2-வுக்கும் தனித்தனி நிலையம் இருக்கிறது, 2024 அக்டோபரிலிருந்து ஓடுகிறது, மழையும் நெரிசலும் தொடாத சுரங்கப் பாதை. ஆனால் அந்த நேரத்தில் ஓடாது. ஓடினாலும் முழங்கால் வலிக்காரர்கள் இருவரையும் மூன்று பெட்டிகளையும் அதில் ஏற்றியிருக்க மாட்டோம். மகனின் காரில்தான் போனோம். நெடுஞ்சாலையில் ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கி ஒரே வரிசையாக ஊர்ந்தது, சகார் மேம்பாலம் ஏறிய பிறகு சீராக இருந்தது. டி2 புறப்பாட்டுத் தளத்தில் நின்றபோது 2.40.

அங்கே நாங்கள் இருவரும் வெளியாட்கள். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருப்பவர்களைத்தான் வாசலில் உள்ளே விடுவார்கள். அதுவரை எல்லாவற்றையும் மகனே செய்துவந்தார், இதற்கு மேல் இரண்டு முதியவர்கள் தனியாக. வாசலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி உதவியாளர் ஒருவரைப் பிடித்து, 3.10-க்குக் கவுன்ட்டர் மூடுகிறது என்பதை மட்டும் மகன் அவருக்கு இந்தியில் இரண்டு முறை சொன்னார். அந்த மனிதர் வரிசையைத் தாண்டி நேராகக் கொண்டுபோனார். முன்பதிவு செய்த சக்கர நாற்காலி அன்று செய்த பெரிய உதவி அதுதான்.

கவுன்ட்டரில்

3.04-க்குப் பெட்டிகளை எடை மேடையில் வைத்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் மூன்று பெட்டிக்கும் லிமிடெட் ரிலீஸ் டேக் போட்டு, தாமதமாகக் கொண்டுவந்ததால் பெட்டி இதே விமானத்தில் வராமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா போனில் மகனிடம் போடலாமா என்று கேட்டார். போடுங்கப்பா என்றார் மகன். வேறு வழி இருந்ததாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டியை வெளியே விட்டுவிட்டு ஏற வேண்டும், அல்லது ஏறாமல் இருக்க வேண்டும்.

மகன் இன்னொன்றும் சொன்னார், டேக்கை ஒட்டியதும் அதில் மான்செஸ்டரைக் குறிக்கும் எம்ஏஎன் என்று இருக்கிறதா பார்த்து, மூன்றையும் போட்டோ எடுங்கள் என்று. அம்மா எடுத்தார். இந்தப் போட்டோக்கள் பிறகு உதவின. மாத்திரை, பாஸ்போர்ட், பிரசவத்துக்கான பணம், ஒரு செட் மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருந்தன. 3.45-க்குக் கேட்டில் உட்கார்ந்துவிட்டோம் என்று செய்தி வந்தது.

மான்செஸ்டரில்

இரண்டு பெட்டி வந்தது, ஒன்று வரவில்லை. வராதது அம்மாவின் பெட்டி, பிரசவ மருந்துப் பொடிகளும் குழந்தைக்குத் தைத்த பருத்தித் துணிகளும் அதில்தான். பெல்ட் நின்ற பிறகும் அரை மணி நின்று பார்த்திருக்கிறார்கள். பிறகு வெளியே காத்திருந்த மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட, அவர் வெளியே வந்துவிடாதீர்கள், உள்ளேயே பெட்டி காணோம் கவுன்ட்டருக்குப் போங்கள் என்று சொன்னார். அது நல்ல நேரத்தில் வந்த அறிவுரை. வெளியே வந்த பிறகு புகார் பதிவது பெரும்பாடு.

அங்கே ஒரு புகார்ப் பதிவு போட்டு எண் கொடுத்தார்கள். பத்து எழுத்து எண், முதல் மூன்றெழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு நிறுவனம், பிறகு ஐந்து இலக்கம். கடைசியாகப் பெட்டியை வாங்கி வந்த நிறுவனம்தான் தேட வேண்டும் என்பது நடைமுறை. இங்கே மும்பையிலிருந்து ஒரே நிறுவனம் என்பதால் யார் பொறுப்பு என்ற வாதமே எழவில்லை. டேக் போட்டோவும் பெட்டியின் நிறமும் சொன்னதும் கண்டுபிடித்துவிட்டார்கள், பெட்டி மும்பையிலேயே நின்றிருந்தது. மறுநாள் விமானத்தில் ஏற்றி, அதற்கடுத்த நாள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இடைப்பட்ட நாளில் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் செருப்பும் வாங்கிய ரசீதுகளை வைத்துப் பணம் கேட்டார்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி தாமதமான பெட்டிக்கு, அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், சேதம் என்றால் 7 நாள். ஒரு பயணிக்கு உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகு. உச்சவரம்பு அவ்வளவு என்பதால் அவ்வளவும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, ஆன செலவுக்குத்தான். நிறுவனம் அந்தக் கையெழுத்தைக் காட்டி மறுத்தது. சிறிய தொகை என்பதால் குடும்பம் வழக்காடவில்லை, பயணக் காப்பீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது

அக்டோபரில் திரும்பினார்கள். இந்த முறை அன்றே கோவை போவதில்லை, செம்பூரில் இரண்டு நாள், பிறகு டி2-விலிருந்து கிளம்பும் கோவை விமானம் என்று மகன் முன்பே மாற்றிவிட்டார்.

மும்பை பெல்ட்டில் அப்பாவுக்கு ஒரு காட்சி கிடைத்தது. அதே விமானத்தில் வந்த சென்னைக்காரர் ஒருவர் ஒரே டிக்கெட்டில் சென்னை வரை போகிறவர், டேக்கிலும் எம்ஏஏ என்றே இருந்ததாம், அதனால் பெட்டி தானாகப் போகும் என்று பெல்ட்டைத் தாண்டி நடந்துவிட்டார். ஊழியர் ஒருவர் நிறுத்தித் திருப்பி அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வருபவர் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றமும் சுங்கமும் முடிக்க வேண்டும், பெட்டியையும் அங்கே எடுத்துச் சுங்கம் தாண்டி, மறுபடி மாற்றுக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் சில தடங்களில் இதைக் கடைசி ஊருக்கு மாற்றிவிட்டன, அதைப் புறப்படும் ஊர் கவுன்ட்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஒரே டிக்கெட் எடுத்ததால் அந்தச் சென்னைக்காரருக்குக் கிடைத்த லாபம், மாற்றுக் கவுன்ட்டரில் பெட்டியைக் கொடுத்தால் போதும், தவறினால் அடுத்த விமானம் நிறுவனத்தின் கவலை.

எதை மாற்றுவோம்

அன்று எடுத்த முடிவுகளில் கெடு வைத்ததை அப்படியே வைத்துக்கொள்வேன். 1.05 என்பது அதிர்ஷ்டம், 1.30-ஆக இருந்திருந்தாலும் கையில் ஒரு முடிவு இருந்தது. பதற்றத்தில் அப்படி யோசிக்க முடியாது, அதை 10 மணிக்கே யோசித்ததுதான் உதவியது.

மாற்ற வேண்டியது முதலில் டெர்மினல். ஒரே நிறுவனம் டி1-க்கும் டி2-வுக்கும் பறக்கிறது என்றால், நூறு இருநூறு கூட இருந்தாலும் டி2 விமானம்தான். பெட்டியை எடுத்து லிஃப்டில் மேலே ஏறினால் புறப்பாட்டுத் தளம், மழை, சாலை இரண்டும் கணக்கிலிருந்து போய்விடும். இரண்டாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் தனி டிக்கெட் என்றால் அன்றைய கடைசி விமானத்தை நம்பக் கூடாது, அது தவறினால் பின்னால் இன்னொன்று கிடையாது. காப்பீடு எடுக்கும்போது தனி டிக்கெட்டில் தொடர் விமானம் தவறினால் பணம் உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும், பல பாலிசிகளில் கிடையாது, இவர்கள் எடுத்ததிலும் இல்லை.

செலவுக் கணக்கையும் பார்த்தோம். கூடுதல் எடைக் கட்டணம் போகவர, இந்த ஓட்டத்துக்கு ஆனது எல்லாம் சேர்த்தால், மிச்சம் பிடித்த இருபதாயிரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. மகன் இதற்குப் பிறகும் பிரித்து எடுப்பதே லாபம் என்கிறார், நடுவில் ஒரு இரவு செம்பூரில் தங்கினால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அஷ்டமி வந்தால் ஒரு நாள் தள்ளிப்போட வேண்டியது சர்வதேச டிக்கெட்டைத்தான், நடுவில் செம்பூரில் தங்கும் இரவை விடக் கூடாது என்பதில் மட்டும் அப்பாவும் எங்களோடு ஒத்துக்கொண்டார். அடுத்த முறை தேதி பார்க்கும் முன் பஞ்சாங்கத்தைத் தன்னிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.